திக்னஸ் பிளேனருக்கு ஹெலிக்கல் கட்டர் பிளாக்: அளவெடுப்பதிலிருந்து முதல் பலகை வரை

பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் திக்னஸ் பிளேனரில் வேங்கையையோ வாகையையோ விட்டு எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒரு பட்டை கண்ணாடிபோல வந்திருக்கும். பக்கத்துப் பட்டையில் நார் பிய்ந்து கொத்துக் கொத்தாய்க் குழி விழுந்திருக்கும். இந்த மரங்களில் நார் ஒரு பட்டையில் இந்தப் பக்கமும் அடுத்ததில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து பின்னிக் கிடக்கிறது. பலகையை எந்த முனையிலிருந்து விட்டாலும் பாதி நாரை எதிர்த்துத்தான் பிளேடு வெட்டியாக வேண்டும். தேக்கில் தொல்லை வேறு மாதிரி. அதிலுள்ள சிலிக்கா மணலாக உரசி, ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடின் கூரைச் சீக்கிரமே மழுக்கிவிடும்.

நேர் பிளேடு பிளாக்கை, அதாவது பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் உருளையை, கழற்றிவிட்டு கார்பைடு இன்சர்ட் (சிறு சதுர வெட்டுத் துண்டு) பதித்த ஹெலிக்கல் பிளாக் மாட்டுவது இரண்டுக்கும் நல்ல தீர்வு. ஆனால் பிளாக்கை வாங்குவதும் மாட்டுவதும் வேலையில் பாதிகூட இல்லை. புதிய வெட்டு வட்டத்துக்கு (கூர் நுனி சுற்றும் வட்டம்) ஏற்ப ரோலர், சிப் பிரேக்கர் (பிளாக்குக்கு முன்னால் மரத்தை அழுத்தி நார் பிய்வதைத் தடுப்பது), பிரஷர் பார் (பிளாக்குக்குப் பின்னால் மரத்தை அழுத்துவது) எல்லாவற்றையும் மறுபடி செட் செய்வதில்தான் பலன் இருக்கிறது. பிளாக் மாற்றியும் பலகை சரியாக வரவில்லை என்று சொல்லும் பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போயிருப்பது இந்த வேலைதான்.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு தூண், 20 அங்குல அகலம், மூன்று பிளேடு, 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் உள்ள வார்ப்பிரும்பு மெஷின். 12, 18, 24 அங்குல மெஷின்களுக்கும் முறை இதுவே.

ஸ்பைரல் வேறு, ஹெலிக்கல் வேறு

கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். இன்சர்ட்டுகள் பிளாக்கைச் சுற்றிச் சுருளாகப் போவதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு இன்சர்ட்டின் வெட்டும் விளிம்பையும் பாருங்கள். விளிம்பு ஷாஃப்டுக்கு இணையாக இருந்தால் அது ஸ்பைரல். இன்சர்ட் உட்கார்ந்திருக்கும் குழியே சற்றுத் திரும்பி, விளிம்பு சாய்ந்து நின்றால் அது ஹெலிக்கல். சாய்ந்த விளிம்பு மரத்தைக் கொத்தாது, சீவி இழுக்கும். நார் பிய்வது குறைவதற்கு அந்தச் சாய்வும் இன்சர்ட்டின் குறுகிய அகலமும் சேர்ந்துதான் காரணம். ஸ்பைரலிலும் சத்தம் குறையும், பிளேடு செட் செய்யும் வேலை ஒழியும். பின்னிய நார் மரம் அதிகம் ஓடும் பட்டறைக்கு ஹெலிக்கல்தான் வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேர்நார் உள்ள நல்ல மரத்தில், புதிதாகச் சாணை பிடித்துச் சரியாக செட் செய்த நேர் பிளேடு தரும் வழவழப்பை ஹெலிக்கல் பிளாக் தராது. பெரும்பாலான இன்சர்ட்டுகளின் விளிம்பு மூலைகள் கோடு போடாமலிருக்க மெல்ல வளைந்திருக்கும். அதனால் பலகையின் நீளத்தில் மிக மெல்லிய வாய்க்கால்கள் தெரியும். 120, 150 நம்பர் உப்புத்தாளில் போய்விடும். பிளேனரிலிருந்து நேராகப் பாலிஷுக்குப் போகிற வேலை என்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் தகுதியானதா

மேடை நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தால், தூண்களில் ஆட்டம் இருந்தால், ரோலர் புஷ்கள் தளர்ந்திருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். நேர்கோலை மேடையின் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் மேடையைக் கிரைண்டிங் செய்யாமல் புதிய பிளாக்கில் பணம் போட வேண்டாம்.

அளவெடுப்பது

உங்கள் மெஷின் மாடலுக்கென்றே ரெடிமேடு பிளாக் கிடைத்தால் இந்தப் பகுதி எளிது. உள்ளூர் வார்ப்பு மெஷின்களுக்குப் பெரும்பாலும் அளவு கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். பழைய பிளாக்கைக் கழற்றி மேசையில் வைத்து அளவெடுங்கள். மெஷினில் இருக்கும்போது எடுக்கும் அளவை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

வெர்னியரில் எடுக்க வேண்டியவை: பிளாக் உடலின் நீளம், இரு பக்கத் தோள்களுக்கு இடைப்பட்ட தூரம், ஒவ்வொரு படியின் நீளம், புல்லிப் பக்கச் சாவிக்காடியின் அகலமும் ஆழமும், நுனி மரையின் அளவு, அது இடது மரையா வலது மரையா என்பது. பேரிங் உட்காரும் இடங்களை மட்டும் மைக்ரோமீட்டரில் எடுங்கள். 30 மி.மீ. துளை பேரிங் என்றால் அந்த இருக்கை 30.002 முதல் 30.011 மி.மீ. வரைக்குள் இருக்க வேண்டும். பழைய ஷாஃப்ட் தேய்ந்து 29.98 காட்டினால் அதையே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பேரிங்கின் நம்பரைக் கொடுங்கள், அதற்குரிய இருக்கையைச் செய்பவர் கடைந்து கொள்வார்.

மிக முக்கியமான அளவு வெட்டு வட்டம். உடலின் விட்டமல்ல இது. பிளேடு நுனி சுற்றும் வட்டத்தின் விட்டம். உடல் 92 மி.மீ. இருந்து பிளேடு 1.5 மி.மீ. வெளியே நின்றால் வெட்டு வட்டம் 95 மி.மீ. புதிய பிளாக்கின் இன்சர்ட் நுனி வட்டமும் 95 ஆகவே இருக்கட்டும். 93 ஆகிவிட்டால் வெட்டும் இடம் 1 மி.மீ. மேலே போய்விடும். அப்போது வெட்டு வட்டத்துக்கு 0.5 மி.மீ. கீழே நின்ற உள்ளிழுக்கும் ரோலர் 1.5 மி.மீ. கீழே நிற்பதாகும், பிரஷர் பார் 1 மி.மீ. கீழே நின்று மரத்தை நிறுத்திவிடும். பெரிதாகிவிட்டாலோ இன்சர்ட் சிப் பிரேக்கரில் இடிக்கும்.

ஆர்டரில் எழுத்தில் கேட்க வேண்டியவை இன்னும் மூன்று. ஓட்டக்கூடிய அதிகபட்ச வேகம் பிளாக்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்சர்ட் பொதுச் சந்தையில் கிடைக்கும் அளவாக இருக்க வேண்டும். 15 × 15 × 2.5 மி.மீ. நான்கு கூர் வகை பரவலாகக் கிடைப்பது. மூன்றாவது டைனமிக் பேலன்சிங், அதாவது சுழலும்போது அதிராதபடி எடையைச் சமன்செய்வது, ஜி 2.5 தரத்தில். அதன் அருமை கணக்குப் போட்டால் புரியும். 20 கிலோ பிளாக் 5,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஜி 2.5 அனுமதிக்கும் சமனின்மை ஒவ்வொரு முனைக்கும் ஏறத்தாழ ஒரு கிராம். 15 மி.மீ. இன்சர்ட் ஒன்றே ஏழு கிராம் வரும். ஒரே ஓர் இன்சர்ட் இல்லாமல் ஓட்டினால்கூட பேரிங்குக்கு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேடுகளை முதலிலேயே கழற்றிவிடுங்கள். கை வெட்டுப்படுவது பெரும்பாலும் பிளாக்கைத் தூக்கும்போதுதான்.

மேல் மூடி, தூசிக் கூண்டு, பெல்ட் மூடி, வீ-பெல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். புல்லியைச் சுத்தியலால் தட்டாமல் புல்லர் போட்டு இழுங்கள். இந்த வகை மெஷின்களில் ரோலர்களை ஓட்டும் கியர் பாக்ஸ், பிளாக்கின் மறுமுனையிலிருந்துதான் சுழற்சியை எடுக்கிறது. எனவே கியர் பாக்ஸ் ஆயிலை வடித்து, செயினை விடுவித்து, பாக்ஸை இழுத்தெடுக்க வேண்டும். செயின் எந்தப் பல்லில் எப்படி ஓடியது என்று கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கேஸ்கட்டும் ஆயில் சீலும் புதிதாகவே போட வேண்டும். பழையதை மறுபடி போட்டு ஆயில் கசிந்தால் அது நேராகப் பலகையில்தான் சொட்டும்.

மேடையின் மேல் இரண்டு மரக்கட்டைகளை வைத்து, பிளாக்கின் உடலை லேசாகத் தொடும்வரை மேடையை உயர்த்துங்கள். இப்போது பேரிங் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்தால் எடை கட்டையில் நிற்கும், ஷாஃப்ட் வளையாது. ஹவுசிங்கின் அடியில் மெல்லிய ஷிம் தகடு இருந்தால் எந்தப் பக்கம், எத்தனை என்று குறித்து வையுங்கள். தொழிற்சாலையில் பிளாக்கை மேடைக்கு இணையாக்கப் போட்டது அது.

பேரிங்

பழைய பேரிங்கை மறுபடி போடாதீர்கள். அதன் விளிம்பில் உள்ள நம்பரையே வாங்குங்கள். இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகை மரத்தூளுக்கு ஏற்றது. பழையதில் சி3 (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி உள்ள வகை) என்று இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும், ஏனெனில் வேகத்தில் சூடாகி விரிய அந்த இடைவெளி தேவை.

சீல் போட்ட பேரிங்கை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது, கிரீஸும் ரப்பரும் கெடும். அந்தச் சூட்டில் ஏறாவிட்டால் பிரஸ்ஸில் ஏற்றுங்கள், உள்வளையத்தை மட்டும் அழுத்துகிற குழாய்த் துண்டு வைத்து. வெளிவளையத்தை அழுத்தினால் உள்ளே குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். முதல் நாளே ஒரு ரீங்காரம் கேட்கும், பிறகு அது போகவே போகாது.

இன்சர்ட்

புதிய பிளாக்கில் இன்சர்ட்டுகள் மாட்டியே வரும். ஆனாலும் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். 15 மி.மீ. இன்சர்ட்டுக்குப் பொதுவான முறுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். தயாரிப்பாளர் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. டார்க்ஸ் எனப்படும் நட்சத்திரக் குழித் திருகுக்கு நல்ல எஃகு பிட்டையே பயன்படுத்துங்கள். மழுங்கிய பிட் திருகின் தலையை ஒருமுறை வழுக்கிவிட்டால் பிறகு அதை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கூடுதலாக இறுக்குவதும் பாதுகாப்பல்ல, கார்பைடு துளையின் ஓரத்திலிருந்து விரிசல் விடும்.

இன்சர்ட்டைத் திருப்பும்போதெல்லாம் அது உட்காரும் குழியை மண்ணெண்ணெய் தொட்ட பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தேக்குப் பிசினில் ஒட்டிய ஒரு துளி தூள் இன்சர்ட்டைத் தூக்கிவிட்டால் பலகை முழுநீளத்துக்கும் ஒரு கோடு விழும். திருகு மரையில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் தொட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அதிகமான எண்ணெய் இன்சர்ட்டின் அடியில் பிதுங்கி அதையும் தூக்கும். மரையில் பூட்டும் பசை எதுவும் வேண்டாம்.

செட்டிங்: இங்கே அவசரம் ஆகாது

பிளாக்கைப் பூட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், வெட்டும் திசைக்கு எதிராக. எங்கும் உரசக் கூடாது.

முதலில் பிளாக் மேடைக்கு இணையா என்று பாருங்கள். டயல் கேஜை மேடையில் நிறுத்தி இடது, வலது ஓரங்களில் பிளாக்கின் வழவழப்பான உடலைத் தொட்டு அளவெடுங்கள். கூரில் அளவெடுக்க வேண்டாம். நேர் பிளேடில் ஒரே பிளேடைக் கீழே நிறுத்தி இரு முனையையும் பார்க்கும் பழைய முறை இங்கே செல்லாது, ஏனெனில் இடது ஓர இன்சர்ட் கீழே வரும் நேரத்தில் வலது ஓர இன்சர்ட் வேறெங்கோ இருக்கும். இரு முனை வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் வரும்வரை ஹவுசிங் ஷிம்மைச் சரிசெய்யுங்கள். சில மெஷின்களில் இதை மேடைத் தூண்களின் செயின் பல்லில் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து ரோலர்கள். நன்கு காய்ந்த கடின மரத்தில் ஒரே உயரமான இரண்டு கட்டைகளை மேடையில் வையுங்கள். மேடையை உயர்த்தி, பிளாக்கைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, ஒரு இன்சர்ட் கட்டையின் மேல்புறத்தை வருடும் இடத்தில் நிறுத்துங்கள். வெட்டினால் அதிகம், ஓசை மட்டும் வந்தால் சரி. அந்த உயரமே வெட்டு வட்டத்தின் அடி. மேடையை அங்கேயே பூட்டிவிட்டு, கட்டையின் மேல் ஃபீலர் கேஜ் அல்லது தகடு வைத்து மற்றவற்றை அளக்கலாம்.

இந்த வகை மெஷின்களில் உள்ளிழுக்கும் ரோலர், வெளித்தள்ளும் ரோலர், சிப் பிரேக்கர் மூன்றும் வெட்டு வட்டத்துக்கு ஏறத்தாழ 0.5 மி.மீ. கீழே நிற்கும். பிரஷர் பார் உள்ள மெஷினில் அது வெட்டு வட்டத்தின் அடியோடு சமமாக நிற்க வேண்டும். உங்கள் மெஷின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். இரு ஓரங்களிலும் தனித்தனியாக, ஒவ்வொரு முறையும் அந்த ஓரத்து இன்சர்ட்டைக் கீழே கொண்டுவந்து அளந்தால்தான் இது துல்லியமாக வரும்.

ரோலர் ஸ்பிரிங்குகளை இதோடு பார்த்துவிடுங்கள். உள்ளிழுக்கும் ரோலரில் பல் வெட்டியிருக்கும், அது மரத்தில் தடம் பதிக்கும். ஏறத்தாழ கால் நூல், அதாவது 0.8 மி.மீ. சீவினால் தடம் போய்விடும். ஹெலிக்கல் பிளாக் வந்த பிறகு 0.3 மி.மீ. மட்டும் சீவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அப்போது தடம் பலகையிலேயே நின்றுவிடும். மரம் வழுக்காமல் போகிற அளவுக்கு மட்டும் ஸ்பிரிங் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சீவலைக் கால் நூலுக்குக் குறையாமல் வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

கடைசியாக, கனம் காட்டும் அளவுகோலின் முள்ளை ஒரு பலகையைச் சீவி அளந்து மறுபடி நிறுத்துங்கள்.

மோட்டாரும் வேகமும்

ஹெலிக்கல் பிளாக் அதிக சக்தி கேட்கும். மூன்று பிளேடில் ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே மோட்டாருக்கு மூச்சு விட நேரமுண்டு. இங்கே எப்போதும் சில இன்சர்ட்டுகள் மரத்துக்குள் இருக்கும். முழு அகலக் கடின மரத்தில், பழைய பிளாக் எடுத்த ஆழத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். கிளாம்ப் மீட்டரை ஒரு பேஸ் கம்பியில் மாட்டிப் பாருங்கள். 415 வோல்ட்டில் 5 எச்.பி. மோட்டாரின் முழுச்சுமை 7 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், 7.5 எச்.பி.க்குப் 10 அல்லது 11. சரியான எண் மோட்டார் தகட்டில் இருக்கும். சீவும்போது அதைத் தொடர்ந்து தாண்டினால் ஆழத்தைக் குறையுங்கள். ஓவர்லோடு ரிலேவை ஏற்றி வைப்பது மோட்டார் காயிலைக் கருக்கும் வழி.

பெல்ட் வேகத்தையும் கணக்கிடுங்கள். 2,880 ஆர்.பி.எம். மோட்டாரில் 130 மி.மீ. புல்லி, பிளாக்கில் 75 மி.மீ. புல்லி என்றால் பிளாக் 4,990 ஓடும். பிளாக்கில் பொறித்த உச்சத்தை அது தாண்டக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் மெஷினை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 5,000 என்பது ஏறத்தாழ 4,170 ஆகிவிடும். ரோலர்களும் அதே பிளாக்கிலிருந்து ஓடுவதால் மரத்தின் வேகமும் சேர்ந்தே குறையும், எனவே வெட்டுத் தடங்களின் இடைவெளி மாறாது.

அந்த இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு வரிசை இன்சர்ட் இருப்பதால் நான்கு பிளேடு போல என்று நினைக்கிறார்கள். பலகையின் நீளத்தில் ஒரு கோடு எடுத்துக்கொண்டு, பிளாக் ஒரு சுற்றுச் சுற்றும்போது அந்தக் கோட்டை எத்தனை இன்சர்ட் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான். மரம் நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓட, பிளாக் 5,000 சுற்ற, இரண்டு இன்சர்ட் தொட்டால் தட இடைவெளி 0.6 மி.மீ.; ஒன்று என்றால் 1.2. மூன்று பிளேடும் ஒரே உயரத்தில் நின்றால் அது 0.4. எனவே கடைசிச் சீவலைக் கியர் பாக்ஸின் மெதுவான வேகத்தில் விடுங்கள்.

முதல் ஓட்டம்

கருவி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்து, மூடிகளை எல்லாம் பூட்டி, கியர் ஆயில் 80டபிள்யூ-90 நிரப்பி, மரம் வரும் பாதைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போடுங்கள். பத்து நிமிடம் வெறுமனே ஓடட்டும். அணைத்துவிட்டு பேரிங் ஹவுசிங்கைத் தொடுங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கோணலாக ஏறியிருக்கிறது அல்லது பெல்ட் மிக இறுக்கம்.

முதல் பலகை ஆணியில்லாத மென்மரமாக, முடிந்தவரை அகலமாக இருக்கட்டும். 0.8 மி.மீ. சீவி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடாக ஒரு கோடு நின்றால் அந்த இடத்து இன்சர்ட் உடைந்திருக்கிறது. பள்ளமாக ஒரு கோடு விழுந்தால் இன்சர்ட் தூக்கி நிற்கிறது, கழற்றிக் குழியைத் துடையுங்கள். குறுக்கே சீரான அலை என்றால் பேரிங்கையோ பேலன்சையோ சந்தேகப்படுங்கள். பலகையின் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் குழிந்தால் மேடையில் பதித்த ரோலர்கள் உயரமாக நிற்கின்றன. சிறு சிறு அமுக்குத் தடங்கள் சிதறிக் கிடந்தால் தூளை ரோலர் மரத்தில் வைத்து அழுத்துகிறது. ஹெலிக்கல் பிளாக்கின் சீவல் நீளச் சுருளாக இல்லாமல் சின்னச் சின்னச் செதிலாக வரும், உறிஞ்சி சற்றுப் பலவீனமாக இருந்தாலும் உள்ளே தங்கிவிடும். குழாய் அடைப்பை எடுத்து, கூண்டின் ரப்பர் பட்டையைச் சரிபாருங்கள்.

ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு மெஷினை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, எல்லா இன்சர்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள். 20 அங்குல பிளாக்கில் எண்பது, நூறு என்று இருக்கும், அரை மணி நேர வேலை.

கூர் திருப்புவது

இன்சர்ட்டின் நான்கு மூலைகளில் ஒன்றில் புள்ளியோ எண்ணோ இருக்கும். இல்லாவிட்டால் மார்க்கரால் வையுங்கள். கூர் மழுங்கியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். மரத்தில் புதைந்த ஆணி ஒன்றிரண்டை மட்டும் உடைத்தால் அவற்றை மட்டும் திருப்பலாம். ஆனால் புதிய கூர், தேய்ந்த அண்டைக் கூரைவிடச் சற்று வெளியே நிற்கும், மெல்லிய கோடு விழும். அதற்காகவே, முதல் முறை எல்லாவற்றையும் திருப்பும்போது நல்ல நிலையில் உள்ள பத்து இன்சர்ட்டுகளை எடுத்து, அவற்றின் இடத்தில் புதியவற்றைப் போட்டுவிட்டு, எடுத்த பத்தையும் அதே தேய்மான உதிரிகளாக ஒரு டப்பாவில் வையுங்கள். ஒரு கூர் உடையும்போது அந்தத் தேய்மானத்துக்குப் பொருந்தும் இன்சர்ட் கையில் இருக்கும். திருகுகளும் அதே டப்பாவில் பத்துப் பதினைந்து இருக்கட்டும். தலை வழுக்கத் தொடங்கிய திருகை மறுபடி மாட்டக் கூடாது.